மால்டாவில் 1,200 யூரோ சம்பளம்: லீஸ் பணத்தை எடுத்து ஏஜென்ட்டிடம் கொடுக்கலாமா?

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். வயது 33. ஜி.என்.எம். முடித்தவர், தண்டையார்பேட்டை பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்பது வருடமாக ஸ்டாஃப் நர்ஸ், சம்பளம் 19,000 ரூபாய். கணவர் கன்டெய்னர் யார்டில் 21,000 ரூபாய்க்கு வேலை செய்கிறார், பாதி நாள் நைட் ஷிஃப்ட். ஆறாவதும் மூன்றாவதும் படிக்கிற இரண்டு பிள்ளைகள், கூடவே மாமியார். நான்கு லட்சம் கொடுத்து லீஸுக்கு எடுத்த வீடு, மாத வாடகை இல்லை. மால்டாவில் முதியோர் இல்லம் ஒன்றில் வயதானவர்களைப் பராமரிக்கும் கேரர் வேலை, மாதம் 1,200 யூரோ, 'தங்குமிடம் ஏற்பாடு செய்து தரப்படும்' என்று ஒரு ஏஜென்ட் சொல்லி ஆறு லட்சம் கேட்டிருக்கிறார். இந்த மாதம் 20-ஆம் தேதிக்குள் ஒரு லட்சம் முன்பணம், விசா வந்ததும் மீதி. லீஸ் பணம் நான்கு லட்சத்தைத் திரும்ப வாங்கி, மீதி இரண்டு லட்சத்தை நகை மேலும் வெளியிலும் வட்டிக்கு எடுத்துக் கொடுத்துவிடலாம் என்பது இவர் திட்டம். 'அங்கே செலவு முப்பதாயிரம் ஆகும் என்று வீடியோவில் சொல்கிறார்கள், அப்படியென்றால் மாதம் எண்பது, தொண்ணூறாயிரம் வீட்டுக்கு அனுப்பலாம் இல்லையா அக்கா? ஆறு மாதத்தில் கணவரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொள்ளலாமாமே, பிறகு ஜெர்மனிக்கும் மாறிக்கொள்ளலாமாமே?' என்று கேட்கிறார்.

அக்கா என்று கூப்பிட்டிருக்கிறீர்கள், அந்த உரிமையிலேயே பேசுகிறேன். பாரிமுனையில் வக்கீலாக இருக்கிறேன், வெளிநாட்டு வேலை என்று பணம் கொடுத்துவிட்டு வருகிறவர்களின் தாள்களைப் பார்ப்பது என் வேலையில் பாதி. போகாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. மால்டா கனவு நாடும் இல்லை, பொய் நாடும் இல்லை, சட்டம் உள்ள, ஆங்கிலம் ஆட்சிமொழியாக உள்ள, 2004 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிற நாடு. நம்ம ஆட்கள் நிறையப் பேர் அங்கே ஒழுங்காக வேலை பார்க்கிறார்கள். ஆனால் நீங்கள் போட்டிருக்கிற கணக்கு தப்பு, அதைச் சரி செய்யாமல் 20-ஆம் தேதி நெருங்கிவிடக் கூடாது.

1,200 யூரோ கைக்கு எவ்வளவாக வரும்

கணக்குக்காக ஒரு யூரோவை நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1,200 யூரோ என்பது பிடித்தத்துக்கு முந்தைய சம்பளம். சமூகப் பாதுகாப்புக்கு 10 சதவீதம் பிடிப்பார்கள், அது 120 யூரோ. தனிநபருக்கு 2025 விகிதப்படி வருடம் 12,000 யூரோ வரை வரி இல்லை, அதற்கு மேலே 15 சதவீதம். உங்கள் வருட சம்பளம் 14,400 என்பதால் வரி வருடத்துக்கு 360 யூரோ, மாதத்துக்கு 30. ஆக கைக்கு வருவது 1,050.

இதோடு அங்கே சட்டப்படி எல்லாத் தொழிலாளிக்கும் உரிய போனஸ் ஒன்று இருக்கிறது, மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என்று நாலு தவணையாக, முழு நேர வேலைக்கு வருடத்துக்கு 512.52 யூரோ. இது 1,200-க்குள்ளேயே அடக்கமா, தனியா என்று எழுத்தில் கேளுங்கள், பல பேருக்கு இது இருப்பதே தெரியாது.

அதைவிட முக்கியமான கேள்வி வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை என்பது. மால்டாவில் 2025-க்கான குறைந்தபட்ச கூலி 40 மணி நேர வாரத்துக்கு 221.78 யூரோ, அதாவது மணிக்கு 5.54. உங்களுடைய 1,200 யூரோவை வாரக்கணக்கில் போட்டால் 277 யூரோ சொச்சம். நாற்பது மணி நேரத்துக்கு அது என்றால் பரவாயில்லை. ஐம்பது மணி நேரம் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் அதே 277 யூரோ மணிக்கு 5.54 என்று ஆகிவிடும், வெறும் குறைந்தபட்ச கூலி, ஓவர்டைம் என்ற பேச்சே இல்லாமல். நீங்கள் எனக்கு அனுப்பிய ஆஃபர் லெட்டரில் சம்பளம் இருக்கிறது, மணி நேரம் இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே அந்தத் தாளை நம்பி பணம் கொடுக்கக் கூடாது.

செலவு: வாடகையில் ஆரம்பித்து

மால்டாவின் மொத்தப் பரப்பு 316 சதுர கிலோமீட்டர், நம்ம சென்னை மாநகராட்சியே 426. அந்தச் சின்ன இடத்தில் ஐந்தரை லட்சத்துக்கு மேல் ஜனம், அதற்கு மேல் வருடம் முழுக்கச் சுற்றுலாப் பயணிகள், வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். வாடகை ஏன் ஏறாது? ஒரு பெட்ரூம் வீடு தனியாக எடுக்க வேண்டும் என்றால் சுமார் 800 முதல் 1,000 யூரோ, ஸ்லீமா, செயின்ட் ஜூலியன்ஸ் மாதிரி இடங்களில் இன்னும் மேலே. அது உங்கள் சம்பளத்துக்கு ஆகாது. பகிர்ந்து இருக்கிற ஃப்ளாட்டில் தனி அறை என்றால் 400, 500. ஒரே அறையில் இன்னொருவரோடு படுத்துக்கொண்டால் 250, 300. நீங்கள் அந்தக் கடைசி வகையில்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். வீடியோவில் சொன்ன முப்பதாயிரம் ரூபாயில் வாடகை போனால் சாப்பாட்டுக்கே மீதி நிற்காது.

'தங்குமிடம் ஏற்பாடு செய்து தரப்படும்' என்ற வரியை நீங்கள் இலவசம் என்று படித்திருக்கிறீர்கள். இலவசம் என்று அதில் எழுதவில்லை. ஏற்பாடு செய்து தருவார்கள், பிறகு மாதம் 250 யூரோ சம்பளத்தில் பிடிப்பார்கள், ஒரு அறைக்கு நாலு கட்டில் போட்டிருப்பார்கள், இப்படி நடந்த தாள்களைப் பார்த்திருக்கிறேன். எவ்வளவு பிடிப்பார்கள், அறைக்கு எத்தனை பேர், நான் வேறு வீடு பார்த்துக்கொண்டால் பிடிப்பு நிற்குமா என்று மூன்று கேள்வியையும் மின்னஞ்சலில் கேட்டு பதிலை வாங்கி வையுங்கள்.

கரண்ட் பில்லில் ஒரு விஷயம். நம்ம பக்கத்தில் வீட்டுக்காரர் தனி மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று வாங்குவது உங்களுக்குத் தெரியும். அங்கேயும் அதே மாதிரி ஒரு தொல்லை உண்டு. வீட்டில் எத்தனை பேர் குடியிருக்கிறோம் என்று மின்கணக்கில் பதிவானால்தான் குறைந்த கட்டணம் கிடைக்கும், பதிவாகாவிட்டால் அதிகக் கட்டணம். வீட்டுக்காரர் சும்மா இருந்துவிட்டால் குடித்தனக்காரர் தலையில் விழும். குடியேறியதுமே அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்கிப் பதிவு செய்துகொள்ளுங்கள். வீட்டு ஒப்பந்தத்தையும் அங்கே ஹவுசிங் அத்தாரிட்டியில் பதிவு செய்தாக வேண்டும், 2020 ஜனவரியிலிருந்து அது சட்டம். பதிவு வேண்டாம், பத்து யூரோ குறைத்துக்கொள்கிறேன் என்று சொல்கிற வீட்டை எடுக்காதீர்கள், உங்கள் குடியிருப்பு அனுமதிக்கு முகவரி காட்ட அந்தப் பதிவு வேண்டியிருக்கும்.

சாப்பாட்டுக்கு நீங்களே சமைத்தால் 200 யூரோவுக்குள் முடிக்கலாம். அரிசி, பருப்பு, மசாலா இந்தியக் கடைகளில் கிடைக்கும். வெளியில் ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட்டால் பத்து, பதினைந்து யூரோ போய்விடும். 'தீவுதானே, காசிமேடு மாதிரி மீன் மலிவாக இருக்கும்' என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்காது தங்கச்சி. அங்கே பெரும்பாலான பொருள் கப்பலில் வெளியிலிருந்துதான் வருகிறது, மீனுக்கும் நல்ல விலை. குழாய்த் தண்ணீரில் பெரும்பகுதி கடல் நீரைச் சுத்திகரித்தது, ருசி பிடிக்காமல் நிறையப் பேர் பாட்டில் தண்ணீர்தான் வாங்குகிறார்கள், கேன் தண்ணீர் செலவு உங்களை அங்கேயும் விடாது.

நல்ல செய்தியும் இருக்கிறது. 2022 அக்டோபரிலிருந்து அங்கே குடியிருப்பவர்களுக்குப் பேருந்து இலவசம், பெயர் பதிவு செய்த தல்லிஞ்ஞா கார்டு எடுத்துக்கொண்டால் போதும். ரயில், மெட்ரோ எதுவும் கிடையாது, பேருந்துதான் எல்லாம், நெரிசலில் தாமதமாகும். சமூகப் பாதுகாப்புப் பிடித்தம் கட்டுகிறவர்களுக்கு அரசு மருத்துவமும் உண்டு. குளிர்காலம்தான் நம்ம ஆட்களை ஏமாற்றுவது. பனி கிடையாது, ஆனால் கல் கட்டிடங்களில் ஈரம் ஏறிக்கொள்ளும், ஹீட்டர் போட்டால் பில் எகிறும்.

ஆக வாடகை 280, கரண்ட், தண்ணீர், இன்டர்நெட் 50, சாப்பாடு 200, போன் 15, துணி, மருந்து, மற்றது 40. மொத்தம் 585 யூரோ. சிக்கனமாக இருந்தால். 1,050-ல் இது போக மீதி 465, நம்ம பணத்தில் 46,500 ரூபாய். எண்பதும் இல்லை, தொண்ணூறும் இல்லை.

கொருக்குப்பேட்டையில் ஆகிற செலவை யார் எழுதுவது?

நான் ரொம்ப நேரம் யோசித்தது இதைத்தான். உங்கள் கடிதத்தில் மால்டா செலவு மட்டும் இருக்கிறது, இங்கே ஆகப்போகிற செலவு ஒரு வரிகூட இல்லை. நீங்கள் போன மறுநாளிலிருந்து உங்கள் குடும்பம் இரண்டு அடுப்பு எரிக்கப்போகிறது.

முதலில் உங்கள் 19,000 ரூபாய் சம்பளம் நிற்கும். அடுத்து, லீஸ் பணத்தைத் திரும்ப வாங்கிவிட்டால் மாமியாரும் பிள்ளைகளும் வாடகை வீட்டுக்குப் போக வேண்டும். உங்கள் ஏரியாவில் ஐந்து பேர் இருந்த மாதிரி ஒரு வீட்டுக்கு 9,000 ரூபாய் என்றே வைப்போம், அட்வான்ஸ் தனி. மூன்றாவது, இரண்டு லட்சத்துக்கு இரண்டு வட்டி என்றால் மாதம் 4,000, அசல் அப்படியே நிற்கும். 46,500-லிருந்து இந்த மூன்றையும் கழியுங்கள். 14,500 ரூபாய். இன்றைக்கு இருக்கிற நிலைமையைவிட மாதாமாதம் உங்கள் கைக்குக் கூடுதலாக வருவது அவ்வளவுதான். கொடுத்த ஆறு லட்சம் அந்தக் கணக்கில் திரும்பி வர 41 மாதம், ஏறக்குறைய மூன்றரை வருடம். அங்கே முதலில் கிடைக்கிற வேலை அனுமதியோ பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான்.

இதில் போய் இறங்கும்போது ஆகிற செலவைச் சேர்க்கவே இல்லை. வீட்டுக்கு ஒரு மாத டெபாசிட், தரகருக்கு அரை மாத வாடகையும் வரியும், முதல் சம்பளம் வரும்வரை சாப்பாடு. கையில் குறைந்தது 1,000 யூரோ இல்லாமல் இறங்கினால் முதல் வாரமே யாரிடமாவது கை நீட்ட வேண்டியிருக்கும். ஓவர்டைம் கிடைத்தால் இந்தக் கணக்கு நன்றாக மாறும், உண்மைதான், ஆனால் வராத ஓவர்டைமை நம்பி வட்டிக்கு வாங்காதீர்கள்.

கடனை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் பணம் மட்டும் இல்லை. அங்கே உங்களுக்குக் கிடைக்கிற சிங்கிள் பெர்மிட் என்ற அனுமதி அந்த முதலாளியோடும் அந்த வேலையோடும் கட்டப்பட்டது. வேலை போனால், குறுகிய காலத்துக்குள் வேறு முதலாளியைப் பிடித்துப் புது விண்ணப்பம் போட வேண்டும், இல்லாவிட்டால் கிளம்ப வேண்டும். கடன் இல்லாத ஆளுக்கு, சரி, இது சரிப்படவில்லை என்று டிக்கெட் போட்டு வர முடியும். தலைமேல் ஆறு லட்சம் நிற்கிற ஆள் பன்னிரண்டு மணி நேர வேலைக்கும் தலையாட்டுவார், லீவு கேட்கப் பயப்படுவார், பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டால்கூட வாய் திறக்க மாட்டார். எண்ணூர் பக்கத்திலிருந்து ஒரு பையன் டெலிவரி வேலைக்கு மால்டா போனான், சம்பாதிக்கிறதில் ஒரு பெரிய பங்கை இடைத்தரகர் எடுத்துக்கொண்டு பைக் வாடகையும் தனியாக வாங்கினார், அவன் எட்டு மாதம் பொறுத்துக்கொண்டதற்கு ஒரே காரணம் அவன் அம்மாவின் வளையல் அடகுக் கடையில் இருந்தது.

ஏஜென்ட் சொன்னதில் எது நிஜம்

'மால்டா ஈசிஆர் நாடு இல்லை, அதனால் எங்களுக்கு லைசென்ஸ் தேவையில்லை' என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வேறு விஷயத்தை ஒன்றாகக் குழைத்துச் சொல்லியிருக்கிறார். ஈசிஆர் என்பது சில நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர் அரசிடம் முன்கூட்டியே வாங்க வேண்டிய எமிகிரேஷன் கிளியரன்ஸ் பற்றியது, அதில்தான் நாட்டைப் பார்ப்பார்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறவர் 1983-ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டத்தின் 10-ஆம் பிரிவுப்படி பதிவுச் சான்றிதழ் வைத்திருக்கத்தான் வேண்டும், எந்த நாட்டுக்கு அனுப்பினாலும். அந்தப் பதிவு எண்ணை மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் இணையதளத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம், அங்கே பெயர் இல்லை என்றால் மேற்கொண்டு பேசவே வேண்டாம். பதிவு பெற்றவராக இருந்தாலும் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 35,400. ஆறு லட்சத்துக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். விசா, மெடிக்கல், டிக்கெட் தனிச் செலவு என்பார்கள், இருக்கட்டும், ஒவ்வொன்றுக்கும் தனி ரசீது கேளுங்கள், ஆறு லட்சம் வராது.

ஆறு மாதத்தில் குடும்பத்தைக் கூட்டிக்கொள்வது நடக்காது. அங்கே குடும்ப மறுஇணைப்பு விதியின்படி முதலில் இரண்டு வருடம் சட்டப்படி குடியிருந்திருக்க வேண்டும், நாட்டின் சராசரிச் சம்பளத்துக்குக் குறையாத நிலையான வருமானம் வேண்டும், அதற்கு மேல் கூட்டி வரும் ஆள் ஒவ்வொருவருக்கும் 20 சதவீதம் கூடுதலாகக் காட்ட வேண்டும். கேரர் சம்பளத்தில் மூன்று பேரைக் கூட்டி வர அது போதாது. ஆறாவது படிக்கிற பெண்ணிடம் 'அம்மா சீக்கிரம் கூட்டிக்கிறேன்' என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள், அவள் நாள் எண்ணிக்கொண்டிருப்பாள்.

ஜெர்மனிக்கு மாறுவதும் அப்படித்தான். ஷெங்கன் பகுதியில், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளில், 180 நாளில் 90 நாள் வரை சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம், வேலை செய்யும் உரிமை மால்டாவோடு நின்றுவிடும். ஐந்து வருடத்தில் குடியுரிமை என்று ஏஜென்ட் சொன்னதாக நீங்கள் எழுதியதும் சரியில்லை. ஐந்து வருடம் தொடர்ந்து இருந்தால் நீண்டகாலக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம், அதற்கும் மால்டீஸ் மொழித் தேர்வு எழுத வேண்டும். அது குடியுரிமை ஆகாது.

நீங்கள் நர்ஸ், அதை மறந்துவிட்டீர்கள்

கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது இந்த இடத்தில்தான். ஒன்பது வருட வார்டு அனுபவம், தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு, இதையெல்லாம் வைத்துக்கொண்டு கேரர் வேலைக்கு ஆறு லட்சம் கட்டப் போகிறீர்கள். கேரர் வேலை கேவலம் என்று சொல்லவில்லை, வயதானவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டுகிற வேலை எவ்வளவு பெரியது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கேரராக இருக்கும் வருடங்களை நர்ஸ் அனுபவமாகப் பெரும்பாலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், பின்னால் வளைகுடாவுக்கோ வேறு நாட்டுக்கோ நர்ஸாக விண்ணப்பிக்கும்போது அது இடைவெளியாக நிற்கும்.

மால்டாவே வேண்டும் என்றால் அங்குள்ள நர்ஸ், மிட்வைஃப் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டு நர்ஸாகப் போகும் வழியைப் பாருங்கள். ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும், சான்றிதழ் சரிபார்ப்புக்குக் காலம் ஆகும், ஆனால் சம்பளமும் மரியாதையும் வேறு. இன்னொன்று, கிண்டியில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் இருக்கிறது, 1978-ல் தொடங்கியது, நர்ஸ்களை வெளிநாட்டு வேலைக்கு அனுப்புகிறார்கள், ஜெர்மனிக்குப் போகிறவர்களுக்கு மொழிப் பயிற்சியும் உண்டு. ஜெர்மனிதான் உங்கள் ஆசை என்றால் மால்டா வழியாகச் சுற்றிப் போவதற்கு முன் ஒரு லீவு நாளில், இல்லை நைட் டூட்டி முடித்த காலையில், அங்கே நேரில் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.

இதற்குப் பிறகும் இந்த வேலைக்கே போவதென்றால்

லீஸ் வீட்டைக் கலைக்காதீர்கள். நீங்கள் அங்கே இருக்கும்போது பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் இருக்கிற ஒரே பிடிமானம் அது. கட்டணம் உச்சவரம்புக்குள் இருந்து, டிக்கெட், விசா, போய் இறங்கும் செலவை உங்கள் சேமிப்பிலிருந்தே கொடுக்க முடிந்தால் போங்கள், அப்போது அதே 46,500 ரூபாயில் வாடகையும் வட்டியும் கழியாது, உங்கள் பழைய சம்பளத்தைக் கழித்தாலும் மாதம் 27,500 நிற்கும். கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்தில் முதலாளியின் முழுப் பெயர், வேலையின் பெயர், வார மணி நேரம், ஓவர்டைம் விகிதம், தங்குமிடப் பிடித்தம், வேலையை விட எத்தனை வாரம் முன்னறிவிப்பு என்பதெல்லாம் இருக்க வேண்டும். டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு பேச்சு வந்தால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். எந்தத் தொகையும் ரொக்கமாக வேண்டாம், வங்கி வழியாக மட்டும். பாஸ்போர்ட்டை அசலாக ஏஜென்ட் அலுவலகத்தில் விட்டுவைக்காதீர்கள், ஏற்கனவே கொடுத்துவிட்டிருந்தால் நாளைக்கே போய் வாங்குங்கள், தர மறுத்தால் எனக்கு எழுதுங்கள். அங்கே போன பிறகு சம்பளத்தில் சிக்கல் என்றால் தொழிலாளர் துறை இருக்கிறது, இந்தியத் தூதரகமும் மால்டாவிலேயே இருக்கிறது, இரண்டின் முகவரியையும் கிளம்புவதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

20-ஆம் தேதி என்பது ஏஜென்ட் வைத்த தேதி, சட்டம் வைத்தது இல்லை. இடம் போய்விடும் என்பார், போகட்டும். ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள். அதற்குள் அந்த ஆஃபர் லெட்டர், ஏஜென்ட் கொடுத்த தாள்கள், லீஸ் பத்திரம் மூன்றையும் எடுத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் அலுவலகத்துக்கு வாருங்கள். உங்கள் கணவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், இந்த 14,500 ரூபாய்க் கணக்கை அவரும் பார்க்க வேண்டும்.